ரோட்டுக்கு வாய்வார்த்தை, வானத்துக்கு எழுத்து

நாலு வருஷம் இன்ஜினியரிங் காலேஜில் குப்பை கொட்டிய யாருக்கும் ஓ.டி. என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அதில் ரெண்டு ரகம் இருக்கு. "போயிட்டு வாப்பா, நான் பாத்துக்கறேன்" என்று வாயால் சொன்ன ஓ.டி. ஒன்று. ஃபார்மில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்த ஓ.டி. இன்னொன்று. சிம்போசியத்துக்குக் கிளம்பும்போது ரெண்டும் ஒன்றுதான். செமஸ்டர் கடைசியில் அட்டெண்டன்ஸ் 74 சதவீதத்தில் நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

1948-ல் பெர்லினில் இருபது லட்சம் பேருடைய சாப்பாடும் கரியும் இந்த வித்தியாசத்தை நம்பித்தான் இருந்தன. பெர்லின் ஏர்லிஃப்ட் பற்றி நீங்க ஏதாவது டாக்குமெண்டரியில் பார்த்திருப்பீங்க. வரிசையாக இறங்கும் விமானங்கள், வேலியோரம் நின்று பார்க்கும் குழந்தைகள், மாவு மூட்டை. அந்தக் கதை நிறைய பேர் சொல்லியாச்சு. நான் சொல்ல வந்தது, அந்த விமானங்கள் பறப்பதற்கு ரெண்டரை வருஷம் முன்னாடி தயாரான ஒரு பேப்பரைப் பற்றி. அது இல்லையென்றால் விமானம் இருந்தும் பறந்திருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

முதலில் மேப்பை மனசில் வரைஞ்சுக்கோங்க. போர் முடிந்ததும் ஜெர்மனியை நாலு மண்டலமாகப் பிரித்தார்கள். மேற்குப் பக்கம் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ். கிழக்குப் பக்கம் சோவியத் யூனியன். தலைநகர் பெர்லினையும் தனியாக நாலு துண்டாக்கினார்கள். சிக்கல் என்னவென்றால், பெர்லின் முழுக்க முழுக்க சோவியத் மண்டலத்துக்குள்ளே இருந்தது. மேற்கு எல்லையிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே. அதாவது மேற்கத்திய படைகளுக்கு ஊருக்குள் வீடு ஒதுக்கியாச்சு. ஆனால் அந்த வீட்டுக்குப் போகும் தெரு முழுக்க இன்னொருத்தர் நிலம்.

இந்தப் பங்கீட்டை 1944 செப்டம்பரில் லண்டனில் எழுதினார்கள். யாருக்கு எந்த மண்டலம், பெர்லினில் யாருக்கு எந்தப் பகுதி என்று எல்லாம் அதில் இருக்கு. அங்கே எப்படிப் போவது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு இதைப் படித்தபோது நம்பவே முடியவில்லை. ஆனால் அப்போது சோவியத் யூனியன் கூட்டாளி. ஊருக்குள் இருக்க உரிமை உண்டு என்றால், போய்வர உரிமையும் அதிலேயே அடக்கம் என்று மேற்குத் தரப்பு எடுத்துக்கொண்டது. கூட்டாளியிடம் போய் "வழி தருவியா, எழுதிக்கொடு" என்று கேட்பது சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடுமே என்ற தயக்கமும் இருந்தது.

1945 ஜூனில் கேட்க ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்தது. போர் முடியும்போது அமெரிக்கப் படைகள், சோவியத்துக்கு ஒதுக்கப்பட்ட சாக்சனி, துரிங்கியா பகுதிகளுக்குள் வெகுதூரம் முன்னேறி நின்றன. அங்கிருந்து பின்வாங்கினால்தான் சோவியத்துக்கு அதன் பங்கு முழுசாகக் கிடைக்கும். பேரம் பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அதிபர் ட்ரூமன், ஸ்டாலினுக்கு எழுதிய செய்தியில் விமானம், சாலை, ரயில் மூன்றிலும் பெர்லினுக்குத் தடையில்லாத வழி வேண்டும் என்று கேட்டார். ஸ்டாலினிடமிருந்து பதில் வந்தது. அதில் இந்த விஷயம் மட்டும் இல்லை.

ஜூன் 29-ம் தேதி அமெரிக்க ஜெனரல் லூசியஸ் கிளேயும், பிரிட்டிஷ் ஜெனரல் ரொனால்ட் வீக்ஸும் பெர்லினில் மார்ஷல் ஜூகோவைச் சந்தித்தார்கள். அவர்கள் பல சாலைகளும் ரயில் பாதைகளும் கேட்டார்கள். ஒரு நெடுஞ்சாலை, ஒரு ரயில் பாதை, விமானத்துக்கு ஒரு வழி, இப்போதைக்கு இது போதுமே என்றார் ஜூகோவ். சரி, தற்காலிகம்தானே, பிறகு கட்டுப்பாட்டுக் குழுவில் பேசிக்கலாம் என்று கிளே ஒத்துக்கொண்டார். கையெழுத்து இல்லை. ரெண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட மினிட்ஸ் இல்லை. அன்று சாயங்காலம் கிளே தனக்காக எழுதிவைத்த குறிப்பு மட்டும்தான் மிச்சம். ஜூலை முதல் வாரத்தில் அமெரிக்கப் படை பின்வாங்கியது. கையில் இருந்த ஒரே துருப்புச்சீட்டும் போச்சு.

அவர் ஏன் எழுதி வாங்கவில்லை? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு சாலை, ஒரு ரயில் பாதை என்று எழுதி வாங்கினால், "உனக்கு அவ்வளவுதான் உரிமை" என்று பிறகு அதையே காட்டுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. எல்லா வழியிலும் போகும் உரிமை தங்களுக்கு ஏற்கெனவே இருக்கு என்பதுதான் அவர் நிலை. தர்க்கம் சரியாகத்தான் இருக்கு. ஆனாலும் பெர்லினுக்கு வழி கொடுத்தால்தான் பின்வாங்குவோம் என்று சொல்லாமல் விட்டது தவறு என்று கிளேயே பிற்பாடு தன் புத்தகத்தில் ஒத்துக்கொண்டார்.

இனி வானத்துக்கு வருவோம். சாலையில் ஒரு லாரி தப்பான வழியில் போனால் நிறுத்தித் திருப்பி அனுப்பலாம். மேகத்துக்குள் ரெண்டு விமானம் எதிரும் புதிருமாக வந்தால் யாரும் யாரையும் நிறுத்த முடியாது. அதனால் வானப் போக்குவரத்தை வாய்வார்த்தையில் விடவே முடியாது. எந்தப் பாதை, என்ன அகலம், யார் கவனிப்பது என்று எல்லாவற்றையும் எழுதித்தான் ஆகணும். இந்த வேலை நாலு நாட்டு விமான அதிகாரிகள் அடங்கிய ஒரு கமிட்டிக்குப் போனது. அவர்கள் அதை அரசியல் உரிமையாகப் பார்க்கவில்லை, விமானப் பாதுகாப்புப் பிரச்சினையாகத்தான் பார்த்தார்கள். மோதாமல் பறப்பது எப்படி? அவ்வளவுதான் கேள்வி.

கமிட்டி ஆறு வான்பாதைகளை முன்வைத்தது. பெர்லினிலிருந்து ஹாம்பர்க், ஹனோவர் பக்கம் உள்ள ப்யூக்கபர்க், ஃப்ராங்க்ஃபர்ட் என்று மேற்கே மூன்று. வார்சா, ப்ராக், கோபன்ஹேகன் நோக்கி இன்னும் மூன்று. 1945 நவம்பர் 30 அன்று நேச நாட்டுக் கட்டுப்பாட்டுக் குழு கூடியது. ஜூகோவ் மேற்கு மண்டலங்களுக்குப் போகும் முதல் மூன்றுக்கு மட்டும் சரி சொன்னார். மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. ஆனால் அந்த மூன்று, நாலு நாடும் ஏற்றுக்கொண்ட தீர்மானமாகக் காகிதத்தில் ஏறிவிட்டது.

அதில் இருந்தது ரொம்ப சாதாரணமான விஷயம். ஒவ்வொரு பாதையும் 20 மைல் அகலம், அதாவது சுமார் 32 கிலோமீட்டர். நாலு நாடுகளின் விமானங்களும் முன்கூட்டி அனுமதி கேட்காமல் இந்தப் பாதைகளில் பறக்கலாம். பெர்லினைச் சுற்றி 20 மைல் ஆரத்தில் ஒரு பொதுக் கட்டுப்பாட்டு வட்டம். அடுத்த வருஷம் அக்டோபரில் இதற்கான பறக்கும் விதிமுறைகளையும் தனியாக எழுதினார்கள்.

சோவியத் தரப்பு ஏன் இதற்குச் சம்மதித்தது என்று நீங்க கேட்கலாம். அவர்கள் ஏமாந்துவிடவில்லை. எழுதாமல் விட்டால் மேற்கத்திய ராணுவ விமானங்கள் அவர்கள் மண்டலத்தின் மேல் இஷ்டத்துக்கு எங்கே வேண்டுமானாலும் சுற்றிக்கொண்டிருக்கும். படைகள் எங்கே, தண்டவாளத்தில் என்ன போகிறது என்று எல்லாம் மேலிருந்து பார்க்கலாம். மூன்று சந்துக்குள் அவர்களை அடைத்துவிட்டால் மிச்ச வானம் முழுக்கத் தங்களுடையது. ஆக, அந்தப் பேப்பர் ஒரு தரப்புக்கு உரிமை, இன்னொரு தரப்புக்கு வேலி. ரெண்டு பேருக்குமே அது தேவைப்பட்டது. அது அத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று எனக்குத் தோணுது.

அதே டிசம்பரில் பெர்லின் ஏர் சேஃப்டி சென்டர் என்ற அலுவலகமும் தொடங்கியது. ஷோனபர்க் பகுதியில் ஒரு பெரிய நீதிமன்றக் கட்டடம். நாஜிகளின் மக்கள் நீதிமன்றம் சில வழக்குகளை நடத்தித் தூக்குத் தண்டனை கொடுத்த அதே கட்டடம்தான் இப்போது கட்டுப்பாட்டுக் குழுவின் தலைமையகம். அதற்குள் ஒரு அறையில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் அதிகாரிகள் 24 மணி நேரமும் ஷிஃப்ட் போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு விமானம் கிளம்புகிறது என்றால் அதன் விவரத்தை ஒரு அட்டையில் எழுதி மற்றவர்களிடம் நீட்டுவார்கள். தங்களுக்கு ஒத்துவராத விமானம் என்றால் பாதுகாப்புக்குப் பொறுப்பில்லை என்று சோவியத் அதிகாரி அட்டையில் முத்திரை குத்திய காலமும் பிற்பாடு உண்டு. விமானம் என்னவோ பறந்தது.

1948-ல் கூட்டணி உடைந்தது. மார்ச் 20 அன்று சோவியத் தரப்பு கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து வெளிநடப்பு செய்தது. ஏப்ரல் 5 அன்று பெர்லினின் காட்டோ விமான நிலையத்தில் இறங்கவிருந்த பிரிட்டிஷ் பயணிகள் விமானம் ஒன்றும் ஒரு சோவியத் போர் விமானமும் மோதின. பிரிட்டிஷ் விமானத்தில் இருந்த 14 பேரும், சோவியத் விமானியும் இறந்தார்கள். இனிமேல் பயணிகள் விமானத்துக்குப் போர் விமானம் துணைக்கு வரும் என்று மேற்குத் தரப்பு அறிவித்தது. சோவியத் தளபதி சொகொலோவ்ஸ்கி, வான்பாதையில் குறுக்கிடும் எண்ணம் இல்லை என்று சொன்னதும் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். பழி யார் மேல் என்பதில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் கவனிச்சீங்கன்னா, அந்த வான்பாதை செல்லாது என்று யாரும் சொல்லவில்லை.

ஜூனில் மேற்கு மண்டலங்களில் புதிய நாணயம் வந்தது. அந்தச் சண்டையின் உச்சத்தில், ஜூன் 24-ம் தேதி பெர்லினுக்குப் போகும் ரயில் நின்றது. காரணம்? "தொழில்நுட்பக் கோளாறு." நெடுஞ்சாலையில் எல்பே ஆற்றுப் பாலம் "பழுது பார்க்கப்படுகிறது." கால்வாயில் படகும் நின்றது. கிழக்கிலிருந்து வந்த மின்சாரமும் போச்சு. நம்ம ஊர் லிஃப்டில் தொங்கும் 'அவுட் ஆஃப் ஆர்டர்' போர்டு மாதிரி, யார் மேலேயும் கோபப்பட முடியாத ஒரு காரணம்.

1945-ல் விட்ட ஓட்டை இங்கேதான் கடித்தது. எந்த ஒப்பந்தத்தை மீறினாய் என்று மேற்குத் தரப்பு கேட்டால் காட்டுவதற்குக் கையில் பேப்பர் இல்லை. மூன்று வருஷம் போய்வந்த வழக்கம் இருக்கு, உரிமை இருக்கு என்ற வாதம் இருக்கு. ஆனால் சாலையை மூட ஒரு கட்டை போதும். அந்தக் கட்டையை உடைத்துப் போவதற்குத்தான் டாங்கி வேணும். அப்போது முதலில் கை வைத்தவன் மேற்குக்காரன் ஆகிவிடுவான். வானத்தில் நிலைமை தலைகீழ். அங்கே குறுக்கே கட்டை போட முடியாது. நிறுத்தணும் என்றால் சுடணும். நாலு பேரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட பாதையில் போகும் மாவு மூட்டை விமானத்தைச் சுட்டால், போரைத் தொடங்கியது யார் என்று விளக்கம் தேவைப்படாது.

இதை சோவியத் தரப்பும் புரிந்துவைத்திருந்தது. ஆகஸ்டில் மேற்கத்திய தூதர்கள் மாஸ்கோவில் ஸ்டாலினையே சந்தித்துப் பேசினார்கள். விவரங்களை முடிக்கும் வேலை பெர்லினில் இருந்த நாலு தளபதிகளிடம் வந்தது. அந்தப் பேச்சில் சொகொலோவ்ஸ்கி ஒரு புதுக் குண்டைப் போட்டார். வான்பாதைகள் மேற்கத்தியப் படைகளின் சொந்தத் தேவைக்கு மட்டும்தான், ஊர் மக்களுக்குச் சரக்கு கொண்டுபோக இல்லை, 1945 நவம்பர் 30 தீர்மானம் அப்படித்தான் என்றார். மேற்குத் தரப்பு அந்தத் தீர்மானத்தையே பதிலாகக் காட்டியது. அப்படி ஒரு கட்டுப்பாடு அதில் இல்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் பேச்சு முறிந்தது. என்னைக் கேட்டால், இந்த முழுக் கதையிலும் பேப்பர் ஜெயித்த இடம் இதுதான். சாலை விஷயத்தில் இதே வாதம் வந்தபோது திறந்து காட்ட ஒரு பக்கம்கூட இல்லாமல் இருந்தது.

சரி, உரிமை இருக்கு. அதை வைத்து ஒரு ஊருக்குச் சோறு போட முடியுமா? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 4,500 டன் வேணும் என்பது அப்போதைய மதிப்பீடு. உணவைவிடக் கரிதான் அதில் அதிகம். சி-54 என்ற நாலு இன்ஜின் விமானம் ஒரு தடவைக்குச் சுமார் 10 டன் தூக்கும். அப்படியென்றால் 450 தடவை. ஒரு நாளில் 1,440 நிமிஷம். வகுத்தால், மழையோ பனியோ இரவோ பகலோ, 3.2 நிமிஷத்துக்கு ஒரு விமானம் இறங்கியாகணும். அதுவும் வருஷக்கணக்கில் நிற்காமல்.

ஜூலை கடைசியில் பொறுப்பேற்ற ஜெனரல் வில்லியம் டன்னர் இதை வீரதீரச் செயலாக நினைக்கவில்லை, ஒரு தொழிற்சாலையின் அசெம்ப்ளி லைனாகப் பார்த்தார். நம்ம ஆள்! ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் மேல் மேகமும் மழையும் ஒன்றும் தெரியவிடாமல் மூடின. டெம்பல்ஹோஃபில் ஒரு விமானம் ஓடுபாதை தாண்டிப் போய் எரிந்தது. இன்னொன்றுக்கு டயர் வெடித்தது. மேலே விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வட்டமடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் ஒரு விமானத்தில் டன்னரும் இருந்தார். எல்லாரையும் திருப்பி அனுப்பு என்று ரேடியோவில் உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு ஒரே விதி: இறங்க ஒரு வாய்ப்புதான். தவறவிட்டால் சரக்கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போ. கேட்க அநியாயமாக இருக்கும். ஆனால் வட்டமடித்துக் காத்திருக்கும் ஒவ்வொரு விமானமும் பின்னால் வரும் வரிசை முழுவதையும் தாமதமாக்கும். க்யூயிங் தியரி படிச்சவங்களுக்கு இது உடனே புரியும். வேகம் குறைந்த சிறிய சி-47 விமானங்களையும் சில வாரங்களில் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எல்லாம் ஒரே வேகத்தில் போனால்தான் இடைவெளி மாறாமல் நிற்கும்.

இங்கே அந்தப் பேப்பரில் இருந்த 'மூன்று' என்ற எண்ணுக்கு ஒரு மகிமை வந்தது. வடக்கும் தெற்கும் உள்ள பாதைகளில் பெர்லினுக்குள் வருவார்கள். நடுப்பாதையில் வெளியேறுவார்கள். எல்லாம் ஒருவழிப் பாதை. எதிரே யாருமே வரமாட்டார்கள். ஜூகோவ் 1945 நவம்பரில் ஒரே ஒரு பாதைக்கு மட்டும் சரி சொல்லியிருந்தால், 32 கிலோமீட்டர் அகலத்துக்குள் வருகிறவர்களும் போகிறவர்களும் உயரம் பிரித்துப் பறந்திருக்கணும். அதே இடைவெளி கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

1949 ஏப்ரலில், ஈஸ்டரை ஒட்டிய 24 மணி நேரத்தில் 1,398 விமானங்கள் 12,941 டன் கொண்டுவந்தன. மூன்று விமான நிலையத்தையும் சேர்த்து 62 விநாடிக்கு ஒன்று. முழு ஏர்லிஃப்டிலும் வந்து சேர்ந்தது 23 லட்சம் டன். 39 பிரிட்டிஷ்காரர்களும் 31 அமெரிக்கர்களும் உள்பட 101 பேர் இறந்தார்கள். மாவுக்கும் கரிக்கும் கொடுத்த விலை அது.

இந்த மாதங்கள் முழுக்க வான்பாதையில் தொல்லையும் இருந்தது. சோவியத் போர் விமானங்கள் உரசுகிற மாதிரி பக்கத்தில் பறந்தன. இரவில் சர்ச்லைட் அடித்தார்கள். பயிற்சி என்ற பெயரில் பீரங்கி சுட்டார்கள். இப்படி 700-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாயின. சுட்டு வீழ்த்தியது ஒன்றுகூட இல்லை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கட்டுப்பாட்டுக் குழுவை விட்டு வெளியேறிய சோவியத் தரப்பு அந்த ஏர் சேஃப்டி சென்டரை விட்டு மட்டும் எழுந்து போகவில்லை. கீழே ஊரை முற்றுகை போட்டுக்கொண்டே, மேலே அந்த முற்றுகையை உடைக்கும் விமானங்களின் தகவலை அதே அறையில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பேப்பர் இருந்தால் எல்லாம் சரி என்று முடித்துவிடலாமா? முடியாது. அந்தத் தீர்மானத்தில் அகலம் இருந்தது, உயர வரம்பு இல்லை. அந்தக் காலத்து விமானங்கள் 10,000 அடிக்குக் கீழே பறந்ததால் யாரும் கவலைப்படவில்லை. பிறகு நவீன விமானங்கள் வந்தன. 1959 மார்ச் 27 அன்று ஒரு அமெரிக்க சி-130 விமானம் 25,000 அடியில் பெர்லினுக்குப் பறந்தது. சோவியத் போர் விமானங்கள் சுற்றி வளைத்துத் தொல்லை கொடுத்தன. 10,000 அடிதான் வழக்கம் என்று சோவியத் தரப்பு கண்டித்தது. அப்படி எங்கேயும் எழுதவில்லையே என்றது அமெரிக்கா. வாதத்தில் அமெரிக்கா பக்கம்தான் நியாயம். ஆனால் அதற்குப் பிறகு அந்த உயரத்தில் பறப்பதை வழக்கமாக்கத் துணியவில்லை. விளைவு, 1980-களில்கூட பெர்லினுக்குப் போகும் பான் ஆம் ஜெட் விமானங்கள் எரிபொருளைக் கொட்டிக்கொண்டு 10,000 அடியில் ஆடி ஆடித்தான் போயின. எழுதாத வழக்கம் எழுதிய சட்டம் மாதிரி நின்றுவிட்டது.

1962-ல் இதே விளையாட்டை சோவியத் தரப்பு இன்னொரு விதமாக ஆடிப்பார்த்தது. இந்த நேரத்தில் இந்த உயரம் எங்கள் விமானங்களுக்கு மட்டும் என்று சேஃப்டி சென்டரில் அறிவித்தார்கள். ரேடாரைக் குழப்ப உலோகத் துணுக்குகளையும் தூவினார்கள். இந்தத் தடவை மேற்குத் தரப்பு பின்வாங்கவில்லை. ஒதுக்கியதாகச் சொன்ன அதே உயரத்தில், அதே நேரத்தில் வேண்டுமென்றே விமானத்தை அனுப்பினார்கள். சில வாரங்களில் அது நின்றுபோனது.

சாலைக்கு என்ன ஆச்சு என்று சொல்லாமல் விட்டால் கதை பாதியில் நிற்கும். 1949-ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலிப் ஜெஸ்ஸப்பும் சோவியத்தின் யாகோவ் மாலிக்கும் நியூயார்க்கில் சத்தமில்லாமல் பேசத் தொடங்கினார்கள். மே 12 அன்று முற்றுகை நீங்கியது. அந்த ஒப்பந்தத்தில் எழுதியதும் பழைய நிலைமைக்குத் திரும்புவோம் என்றுதான். பழைய நிலைமை என்னவென்று அப்போதும் விளக்கமாக எழுதவில்லை! மேற்கு பெர்லினுக்குச் சாலையிலும் ரயிலிலும் தடையில்லாமல் போய்வரலாம் என்ற உறுதிமொழி நாலு நாட்டு ஒப்பந்தமாக எழுத்தில் வந்தது 1971 செப்டம்பர் 3-ம் தேதி. ஜூகோவ் வாயால் சொல்லி 26 வருஷம் ஆகியிருந்தது. வான்பாதைகள் மட்டும் 1945 பேப்பரிலேயே ஓடிக்கொண்டிருந்தன.

அந்தப் பேப்பரில் நாலு நாடுகளின் விமானங்கள் என்று இருந்ததால் ஜெர்மனியின் சொந்த விமான நிறுவனமான லுஃப்தான்சா, மேற்கு பெர்லினுக்குள் இறங்கவே முடியவில்லை. 1990 அக்டோபரில் ரெண்டு ஜெர்மனியும் இணைந்து நாலு நாடுகளின் உரிமைகள் முடிவுக்கு வந்த பிறகு, அந்த மாதக் கடைசியில்தான் லுஃப்தான்சா மறுபடி பெர்லினுக்குப் பறந்தது. ஷோனபர்கில் அந்த நாலு நாட்டு மேசையும் அந்த வருஷத்தோடு மூடப்பட்டது.